நான்கு விரல் கீழே போன கல் கடை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நம் கடை நான்கு விரல் பூமிக்குள் இறங்கிவிட்டது. மற்றபடி இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன்.

முதலில் பின்கதவு தரையில் உரசியது. தச்சர் இழைத்தார். மறுமாதம் மேலே இடித்தது, மறுபடி இழைத்தார். மூன்றாம் தடவை, "யோவ், அடுத்த வேலைக்கு நீயே வழி பண்ணிட்டுப் போறியா?" என்று கேட்டுவிட்டேன். "நான் கதவைத்தான் இழைக்கிறேன், உங்க கடையை இல்ல" என்று போனவர், திரும்பவில்லை. இப்போது கதவை மூடினாலும் பூனை வந்துபோகிறது. அடுத்த சந்தேகம், கோபிக்காதீர்கள், உங்கள் மேல்தான். கடையில் பாதி உங்கள் பெயரில்; மாதம் மூன்று தடவை "கடை எப்படி இருக்கு மச்சான்?" என்கிறீர்கள், என் மூட்டுவலியை ஒருநாள் கேட்டதுண்டா?

பிறகு முக்காலிக் கருவியோடு நகராட்சி அளவைக்காரம்மா வந்தார். அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே உள்ளே விட்டேன்.

"சுத்தி எட்டு அடுக்குமாடி சார். ஒண்ணு ரெண்டுன்னா மண்ணு தாங்கும். கூட்டமா நின்னா மொத்தப் பாரமும் சேர்ந்து அடிக் களிமண்ணை அமுக்குது. போதாததுக்குத் தண்ணியையும் உறிஞ்சறாங்க."

"என்னோடது ஒத்தை மாடிதானேம்மா?"

"மெத்தையில எட்டுப் பேர் உட்கார்ந்தா, நடுவுல கிடக்கற மூக்குக்கண்ணாடியும்தான் இறங்கும்."

எனக்கு நம்பிக்கை இல்லை. என் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவே மாட்டேன் என்றது. அந்தம்மா நோட்டை விரித்து, "எட்டுக் கட்டடத்துக்கும் தரைக்கல் மட்டும் எத்தனை டன் இருக்கும், குத்துமதிப்பா?" என்றார். வியாபாரி வாய் சும்மா இருக்குமா? "குத்துமதிப்பு எதுக்கும்மா, கிலோ சுத்தமா சொல்றேன். எட்டும் நம்ம சரக்கு!" என்று சொல்லிவிட்டேன். எழுதிய கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்லு சும்மா தரையிலதானேம்மா கிடக்கு?" என்றேன்.

"எல்லாமே தரையிலதான் சார் இருக்கு."

இப்போது பின்பக்கம் ஒன்பதாவது வரப்போகிறது. வந்தால் பின்சுவர் நிற்காது என்கிறார். தோளில் கல் சுமந்து எழுப்பிய கடை மாப்பிள்ளை. இது போனால் எனக்கு வேறு முகவரி இல்லை. ஒன்பதாவதைத் தடுக்கச் சொல்லி மனு எழுதி இணைத்திருக்கிறேன். யாரிடமும் கலந்து பேசாமல், முக்கியமாகக் கட்டடக்காரர்களிடம் பேசாமல், உடனே கையெழுத்திட்டு அனுப்பவும்.

காலடி மண் கெட்டியாக, குடும்பத்தோடு நூறாண்டு வாழ வாழ்த்தும்,
உங்கள் மச்சான்

பி.கு.: மனுவைக் கிழித்துவிடவும். உறை ஒட்டும்போது ஒன்பதாவது கட்டடத்தின் மேலாளர் வந்தார். நாற்பது மாடிக்குத் தரைக்கல் வேண்டுமாம். அவர் நீட்டிய ஒப்பந்தத் தாளை நான்கு தடவை படித்தேன், வில்லங்கம் இல்லை. நாம் கொடுக்காவிட்டால் இன்னொருவன் கொடுப்பான். பாரம் என்னவோ அதே பாரம்தான். பேசி முடித்தது: சதுர அடிக்கு நூற்றுப்பத்து, பாதி முன்பணம், இறக்குகூலி அவர்களுடையது, பின்சுவர் விழுந்தால் கட்டித் தருவதும் அவர்கள் செலவு.