அந்தோனியார் பாணும் மொரிஸ் மைனர் சாவியும்

காரைப் பூட்டியாயிற்று. நான்கு கதவையும் இழுத்துப் பார்த்தாயிற்று. சாவியை எங்கே ஒளிப்பது என்பதுதான் ஒஸ்வல்டுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒஸ்வல்ட் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுப்பவர். அன்று தோட்டத்து அந்தோனியார் கோயில் திருநாள். மனைவி ஜோசப்பின் பன்னிரண்டு றாத்தல் பாண், அதாவது ரொட்டி, நேர்ந்திருந்தாள். அந்தப் பாண் கூடையைக் கொண்டுவர, பெரிய கிளாக்கர் தில்லையம்பலத்திடம் அவருடைய மொரிஸ் மைனர் காரை இரவல் வாங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரரான தில்லையம்பலம் சும்மா கொடுக்கவில்லை.

"நாளைக்கு என்ர மாப்பிள்ளையைக் கூட்டிவாற கார் இது. மாத்தளைப் பக்கம் கார்க் கள்ளர் திரியிறாங்கள். சாவியும் ஒண்டுதான் இருக்கு. துலைச்சீர் எண்டால் என்ர முகத்தில முழியாதையும்!"

தில்லையம்பலம் முகத்தில் விழிக்காமல் அந்தத் தோட்டத்தில் சம்பளம் வாங்க முடியாது.

கோயிலுக்குள் போய்க் காற்சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியைத் தடவிப் பார்த்தார். கூட்டத்தில் பிக்பொக்கட்காரன் இருப்பானே! சாவியைச் சப்பாத்துக்குள் போட்டார்.

"என்னங்க, அந்தோனியார் சுருபம் தூக்க ஒங்களத்தான் கூப்புடுறாங்க. சப்பாத்தக் கழட்டிட்டுப் போங்க" என்றாள் ஜோசப்பின்.

ஜோசப்பினின் கைப்பையில் வைக்கலாமா? கள்ளன் முதலில் பார்ப்பதே அதைத்தானே. யோசித்தபடி குனிந்தவரின் கண்ணில் பெஞ்சுக்கடியிலிருந்த பாண் கூடை பட்டது. பாணை எந்தக் கள்ளன் திருடுவான்? யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பாணுக்குள் சாவியைச் செருகினார். ஜோசப்பினிடம்கூடச் சொல்லவில்லை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு சுருபத்துக்குத் தோள் கொடுத்தார்.

சுருபம் தோட்டத்தைச் சுற்றித் திரும்ப இரண்டு மணி நேரமாயிற்று. வந்து பார்த்தால் கூடை காலி.

"பாண் எங்கடி?"

"எங்கயா? ஃபாதர் மந்திரிச்சு எல்லாருக்கும் பிச்சிக் குடுத்துட்டாங்க. நேந்துக்கிட்டது குடுக்கத்தானே?"

ஒஸ்வல்ட் வெளியே பாய்ந்தார். எதிர்ப்பட்டவர் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிப் பிய்த்தார். அடுத்தவரிடமும் பிடுங்கினார்.

"குடுத்த காணிக்கைய ஆராச்சும் திருப்பிப் புடுங்குவாங்களா, டொக்டர் ஐயா?" என்று சனம் முகம் சுளித்தது.

ஓடிப்போய் ஃபாதரின் காலைப் பிடித்தார். ஃபாதர் இரக்கமுள்ளவர். ஒஸ்வல்டின் மானத்தைக் காப்பாற்ற, பெயர் சொல்லாமல் ஒலிபெருக்கியில் அறிவித்தார். "அன்பானவர்களே, ஒரு பாணில் கார்ச் சாவி இருக்கிறது. கிடைத்தவர் உடனே வரவும்."

அவ்வளவுதான். கிடைத்தவருக்குக் கார் பரிசு என்று சனம் முடிவு கட்டிவிட்டது. முந்நூறு பேரும் பாணைப் பிய்த்தார்கள். ஏற்கெனவே விழுங்கியவர்கள் வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். பேண்ட்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வரிசையில் நின்றார்கள்.

"எனக்கு விழுந்திருச்சு!"

கொழுந்து பறிக்கும் சவரியம்மா சாவியை மூடிய கைக்குள் இறுக்கிக்கொண்டு குதித்தாள்.

"அது என் சாவிம்மா, குடு" என்று ஒஸ்வல்ட் கெஞ்சினார்.

"பாணுக்குள்ள இருந்தா அந்தோனியார் சாவி. அவரு எனக்குக் குடுத்தாரு. காரு என்னா நெறம்?"

"ஒனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"அதுக்கென்னா, நீங்க டிரைவரா வந்துருங்க. சம்பளத்தப் பொறகு பேசிக்குவோம்."

கூட்டம் கைதட்டியது. அவள் குடியிருக்கும் லயம்வரை காரில் கொண்டுபோய் விடுவதாக ஒஸ்வல்ட் அந்தோனியார் மேல் சத்தியம் செய்தார். அதன் பிறகுதான் அவள் கார் நிறுத்தியிருந்த கோயிலின் பின்பக்கம் போகச் சம்மதித்தாள். சனம் மொத்தமும் பின்னால் வந்தது.

கார் இருந்தது! போன உயிர் திரும்பிவந்தது ஒஸ்வல்டுக்கு. சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. சவரியம்மா ராணிபோலக் கதவருகே நின்று சாவியை நீட்டினாள். அவர் அதை முத்தமிட்டுத் துவாரத்தில் செருகினார். நுழையவில்லை. திருப்பிச் செருகினார். ஊஹும். அப்போதுதான் சாவியை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். அது அவருடைய மருந்து அலுமாரிச் சாவி.

தோட்டத்து லொறி டிரைவர் ரபாயேல், விரலில் ஒரு சாவியைச் சுழற்றியபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"கார்ச் சாவி இந்தா இருக்கு ஐயா! திருநாளுக்கு வண்டி குடுக்குறவங்க சாவியக் கதவுலயே விட்டுட்டுப் போறதுதானே நம்ம கோயில் வழக்கம், நீங்களும் விட்டுட்டுப் போனீங்கன்னு காலையிலேருந்து இந்தக் காருலயே நாலு நடை சமையல் வெறகு ஏத்திட்டேன். கடைசி நடையில, மெழுகுவத்தி கொளுத்த நடந்து வந்த பெரிய கிளாக்கரையும் அந்த வெறகு மேலயே ஒக்கார வச்சுக் கூட்டியாந்தேன், அவரு ஒங்களத்தான் தேடிக்கிட்டிருக்காரு!"