ஞானக்கண்ணும் கொஞ்சம் பஞ்சும்

செங்கல்பட்டில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வரிசைகள் நின்றன. கேட்டுக்கு இடது பக்கம், உள்ளே இருக்கும் நோயாளிக்குச் சாப்பாட்டுப் பை கொடுக்கிற வரிசை. வலது பக்கம், மூடிக் கிடந்த ஜெராக்ஸ் கடை நிழலில், சாமி வரிசை. முதல் வரிசையில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். இரண்டாவது வரிசை தெருமுனை தாண்டி டீக்கடை வரை போனது.

கொரோனாவின் இரண்டாவது அலை. உள்ளே கட்டில் இல்லை. வெளியே நிற்க இடமில்லை.

பார்வையாளருக்கு அனுமதி கிடையாது. அது நியாயமான விதி. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன் நோயை வாங்கி வந்து ஊருக்கெல்லாம் பரிமாறுவான். ஆனால் உள்ளே விடாதவர்கள், உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று சொல்லவும் இல்லை. கேட் காவலர் ராஜேந்திரனைக் கேட்டால், “நல்லாத்தான் இருப்பாங்க, போம்மா” என்பார். எல்லாருக்கும் அதே பதில். செத்துப்போனவரின் மனைவிக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

அந்த ஓட்டை வழியாகத்தான் பக்தவத்சல சாமி உள்ளே நுழைந்தார். சாமிக்கு ஞானக்கண் இருந்தது. சுவர், மாடி, கண்ணாடிக் கதவு எல்லாவற்றையும் துளைத்து வார்டுக்குள் பார்க்கிற கண். நோயாளியின் பெயரும் மாடியும் சொன்னால் போதும். சாமி தலைப்பாகையைச் சரிசெய்வார், பெயரைச் சத்தமாக இரண்டு தடவை சொல்வார், கண்ணை மூடுவார், தலையை வலது பக்கம் சாய்ப்பார். பிறகு சொல்வார்: “நீலப் போர்வை. பக்கத்துல ஒரு தண்ணி பாட்டிலு. காலைல ரெண்டு இட்லி, ஒண்ணு மிச்சம்.”

அழாத ஆள் இல்லை. மூன்றாம் மாடியில் கிடக்கிற கணவன் ஒரு இட்லியை மிச்சம் வைத்தான் என்பதைக் கேட்டு, மதுராந்தகத்திலிருந்து வந்த விஜயகுமாரி டீச்சர் நடுரோட்டில் விழுந்து கும்பிட்டார். கணக்கு டீச்சர்.

அவரைச் சொல்லி என்ன பயன்? அவருக்கு முன்னாலேயே நான் விழுந்துவிட்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் சரவணகுமார். கோவளத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம். என் நைனா எல்லப்பன் கடலுக்குப் போகிறவர், அம்மா முனியம்மா மீன் விற்கிறவள். நான் இன்ஜினீயர். சிறுசேரியில் ராத்திரி வேலை பார்த்தேன். அமெரிக்காவில் ஒருவருக்கு பிரிண்டர் ஓடாவிட்டால், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நான் ஆறுதல் சொல்வேன். அங்கே என் பெயர் ஸ்டீவ். தூக்கம் வரவில்லை என்று வேலையை விட்டேன். அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை. வேலையும் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து, உலகத்தில் எல்லாரும் முட்டாள்கள் என்று ஃபேஸ்புக்கில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நைனாவுக்கு மூச்சு வாங்கியது. கொண்டுவந்து சேர்த்தோம். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது, கதவு மூடியது, அவ்வளவுதான். நைனாவிடம் போன் கிடையாது. கடலில் விழுந்த போனுக்குப் பதில் இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் சாமி வரிசையில் நின்றேன். சாமி கண்ணை மூடி, “எல்லப்பன்… எல்லப்பன்… மூணாவது மாடி…” என்றார். தலை சாய்ந்தது. “இடது கையில நங்கூரம் பச்சை குத்தியிருக்கு” என்றார். குத்தியிருக்கிறது. அந்த இடத்திலேயே என் பகுத்தறிவு மொத்தமும் வேட்டி மாதிரி அவிழ்ந்து விழுந்தது.

மறுநாளிலிருந்து நான் சாமியின் தொண்டன். கூட்டத்தை வரிசையில் நிறுத்தத் தெரிந்தவன், இங்கிலீஷ் தெரிந்தவன். தரையில் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, “சமூக இடைவெளி, சமூக இடைவெளி” என்று கத்துவேன். வட்டத்துக்குள் நிற்கிறவர்கள் சாமி முன்னால் வந்ததும் மாஸ்க்கைக் கழற்றுவார்கள். முகத்தை மூடியிருந்தால் சக்தி இறங்காதாம். சாமி மட்டும் கழற்ற மாட்டார். அவர் காவி மாஸ்க் போட்டிருந்தார், அதற்கு உள்ளே விலை உயர்ந்த இன்னொரு மாஸ்க். அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. படித்தவன் பாருங்கள்.

சாமிக்கு ஒரே ஒரு தொல்லை, ஆம்புலன்ஸ். சைரன் கேட்டால் கையை உயர்த்திவிடுவார். “துர்க்காத்து போவுது. கண்ணு மறைக்குது.” சத்தம் அடங்கினால்தான் ஞானக்கண் மறுபடி திறக்கும். கூட்டம் பயபக்தியோடு காத்திருக்கும். நான் ஓடிப்போய் ஆம்புலன்ஸ்காரர்களிடம் சைரனை அணைக்கச் சொல்லிக் கெஞ்சுவேன்.

அம்மாவைச் சாமியிடம் அழைத்துப்போனதும் நான்தான். அன்றைக்குச் சாமி வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

“கருப்புப் புகை” என்றார். “நெஞ்சு பூரா கருப்புப் புகை. இங்கயே கெடந்தா வெள்ளிக்கெழம தாண்டாது.”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இன்னா சாமி பண்றது?”

“மாமல்லபுரத்துல நம்ம ஆசிரமம் கீது. கடல் காத்து. மூலிகைப் புகை. வெளிய எடுத்துகினு வந்துடு. மீதிய நான் பாத்துக்குறேன்.”

அந்த ஆசிரமம் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் தங்குகிற லாட்ஜ். ஊரடங்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. சாமி அதற்கு மேனேஜராக இருந்தவர் என்று பின்னால் தெரிந்தது. வாடகைக்கு ஆள் இல்லாமல் அறைகள் காலியாகக் கிடந்தன. ஞானக்கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை அம்மா முடிவு செய்துவிட்டாள். “சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்” என்று கவுண்டரில் ரேகை வைத்தால் நைனாவை வெளியே விட்டுவிடுவார்கள். ஆக்சிஜனைப் பிடுங்கி, வெயிலில், கடற்கரை லாட்ஜுக்கு.

“ஆம்புலன்ஸு புடிடா” என்றாள்.

பிடித்தேன். தனியார் வண்டி. டிரைவர் ஜெரோம், கோவளத்துக்காரன், பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு முன்னால் படித்தவன். சைரன் போட்டபடி அப்போதுதான் ஒரு நோயாளியை இறக்கியிருந்தான்.

“சைரன ஆஃப் பண்ணு மச்சான், சாமி கண்ணு மூடிகினு கீறாரு” என்றேன் வழக்கம்போல.

ஜெரோம் அணைத்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். “கண்ணால பாக்குறவருக்கு சத்தம் போட்டா இன்னாடா? டிவிய மியூட்டுல வெச்சா படம் தெரியாதா?”

“அது துர்க்காத்து…”

“போடா ஸ்டீவு.”

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

பெயரைச் சத்தமாக இரண்டு தடவை சொல்வது. தலையைச் சாய்ப்பது. கொஞ்ச நேர மௌனம். பிறகு பதில். இதை நான் எங்கே பார்த்தேன்? எங்கேயும் பார்க்கவில்லை, செய்தேன். ராத்திரிதோறும் செய்தேன். வாடிக்கையாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி நேரம் கடத்துவது, காதில் சூப்பர்வைசர் சொல்வதைத் தலை சாய்த்துக் கேட்பது, பிறகு எனக்கே தெரிந்த மாதிரி ஒப்பிப்பது, கடைசியில் தேவையில்லாத ஒன்றை அவர் தலையில் கட்டுவது. வருஷக்கணக்கில் அந்தப் பிழைப்பு பிழைத்தவன், அதையே ஒருவன் காவி கட்டிச் செய்யும்போது காலில் விழுந்திருக்கிறேன்.

அம்மாவிடம் ஓடினேன். அவள் கவுண்டர் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

“யம்மா, வேணாம்மா. அவன் பிராடு. காதுல போன் வெச்சிகினு கீறான்.”

“நேத்து வரைக்கும் சாமின்ன. இப்ப அவன் இவன்னு சொல்ற.” அவள் நிற்கவில்லை. “உனுக்கு எதுலதான் நெலையா நிக்கத் தெரியும்? வேலைலயும் நிக்கல. பேச்சுலயும் நிக்கல. வுடு கைய.”

சொன்னது அத்தனையும் உண்மை. கையை விட்டுவிட்டு, முன்னால் போய் வழியை மறித்தேன்.

“சரிம்மா, ஒரே ஒரு தபா சாமிகிட்ட கேட்டுட்டுப் போ. ஆசீர்வாதம் வாங்காம எப்பிடி எடுத்துகினு போறது?”

அது வேலை செய்தது. திரும்பினாள்.

ஜெரோமிடம் போய்ப் பஞ்சு கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஒரு கைப்பிடி கொடுத்தான். கூட்டத்தின் முன்னால் போய் நின்றேன். ஸ்டீவின் குரலை எடுத்தேன். எவ்வளவு மோசமான செய்தியையும் நல்ல செய்தி மாதிரி சொல்கிற குரல்.

“பக்தர்களே! இந்த ஆம்புலன்ஸ் சத்தத்தால சாமியோட ஞானக்கண்ணுக்கு எவ்வளவு இடைஞ்சல்னு பாக்குறோம். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். சாமி காதுல பஞ்சு வெச்சிடலாம். சத்தமே கேக்காது. கண்ணு நல்லாத் தெரியும். முதல்ல எங்க நைனா எல்லப்பனப் பாத்துச் சொல்லட்டும்!”

கூட்டம் கைதட்டியது. விஜயகுமாரி டீச்சர், “ஆமா, எவ்வளோ கஷ்டப்படறாரு பாவம்” என்றார்.

சாமியின் முகம் மாறியது. “பஞ்சு வேணாம் தம்பி. நமக்கு இயற்கைதான்.”

“பருத்தி சாமி. இயற்கைதான்.”

“சக்தி காது வழியாவும் வரும்.”

“கண்ணுன்னு சொன்னியே சாமி” என்றாள் அம்மா.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். மீன் பழசா என்று கேட்கிற மாதிரி. ஆனால் கூட்டம் திரும்பி அவளைப் பார்த்தது, பிறகு சாமியைப் பார்த்தது.

நான் காத்திருக்கவில்லை. தொண்டன் என்ற உரிமையில் தலைப்பாகையைத் தூக்கிப் பஞ்சோடு கையை விட்டேன். வலது காதிலிருந்து அவரைக்கொட்டை அளவில் ஒரு ப்ளூடூத் கையில் வந்தது. பச்சை விளக்கு மினுக்கியது. சாமி எழுந்து ஓடப் பார்த்தார். ஜெரோம் அவர் தோளில் கையைப் போட்டு உட்காரவைத்தான், நண்பனைப் போல. இடுப்புப் பையிலிருந்த போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். இந்த ஒரு வேலைதான் எனக்கு உருப்படியாகத் தெரியும்.

“அண்ணாத்த, கேக்குதா?” என்றது போன். “எந்த எல்லப்பன்? அந்த நங்கூரம் பச்சை குத்துன ஆளா? நேத்தே சொன்னேனே, அவரு சூப்பரா கீறாரு. பெரிய மாஸ்க்க எடுத்துட்டாங்க. மூக்குல சின்னக் குழாதான். மீன் கொழம்பு இல்லாம எப்பிடிடா துன்றதுன்னு நர்ஸ்கிட்ட சண்ட போட்டுகினு கீறாரு. அடுத்த பேரச் சொல்லு, ரவுண்ட்ஸ் வராங்க.”

பேசியவன் உள்ளே வார்டு துடைக்கிற ஒப்பந்த ஆள், கலைவாணன் என்று பிறகு தெரிந்தது.

அம்மா சாமியைப் பார்த்தாள். “நேத்தே சொன்னானாமே” என்றாள். “நேத்தே தெரிஞ்சிகினு கருப்புப் புகைன்னியா?” செருப்பைக் கழற்றினாள். ராஜேந்திரன் வந்துதான் அவளை விலக்கினார்.

இந்த இடத்தில், விழித்தெழுந்த மக்கள் கொதித்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. கூட்டம் என் மேல் பாய்ந்தது. என் மேல் அல்ல, போன் மேல்.

“தம்பி, தம்பி, வூட்டுக்காரரு பேரு பூவராகவன், ரெண்டாவது மாடி, கேட்டுச் சொல்லச் சொல்லுப்பா!”

“எங்க அக்கா, ஜன்னலோரக் கட்டிலு!”

விஜயகுமாரி டீச்சர் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். நான் போட்ட வட்டங்களையெல்லாம் மிதித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். போன் மறுமுனையில் கலைவாணன், “அண்ணாத்த, இன்னா சத்தம் அங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவர்களைத் திட்ட வாய் வரவில்லை. அந்தத் திருடன் ஒருவன்தான் அத்தனை நாளும் அவர்களுக்குச் சேதி சொல்லியிருக்கிறான்.

போலீஸ் வந்து சாமியைக் கூட்டிப்போனது. வெட்கப்பட்ட ஆஸ்பத்திரி, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் போட்டு, மேசையும் வார்டோடு பேசுகிற போனும் வைத்தது. அதில் உட்கார ஆள் இல்லை. ராஜேந்திரன் என்னைக் கைகாட்டினார். “இவனுக்கு வேற வேலை இல்ல சார்.”

அப்படித்தான் நான் மறுபடி ஹெட்செட் மாட்டினேன். சம்பளம் இல்லை. நைனா டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது, அம்மா தூக்குவாளியில் கொண்டுவந்த வஞ்சிரக் குழம்பை அந்த மேசை மேலேயே வைத்துச் சாப்பிட்டார். “பகல்ல உக்காந்து வேல செய்யறியா நீ?” என்று என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். ஞானக்கண்ணைவிட அவருக்கு அதுதான் பெரிய அற்புதம்.

ஒரு நாள் விஜயகுமாரி டீச்சர் வந்தார். கணவரின் பெயரைச் சொன்னார். நான் போனில் கேட்டுச் சொன்னேன்: காய்ச்சல் இல்லை, நாளைக்குச் சாதாரண வார்டுக்கு மாற்றுகிறார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மேசை மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கைகூப்பினார்.

“அந்தச் சாமிய விட நீங்க நல்லாப் பாக்குறீங்க தம்பி.”

“நான் எதையும் பாக்கல மேடம். போன்ல கேட்டுச் சொல்றேன்.”

“அதான். போன்லயே பாக்குறீங்களே!”

பின்னால் நின்றவர் மாஸ்க்கைக் கழற்றத் தொடங்கினார். மாட்டச் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்தேன்.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். எவனாவது கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வீட்டுச் சேதியைச் சொன்னால், விழுவதற்கு முன்னால் அவன் காதைப் பாருங்கள். என் காதையும் சேர்த்துத்தான்.