பேட்டரியைத் தேடிப் போன கைக்கு அக்கா

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கிற ஒரே மனிதப் பிறவி, இந்த ஹைதராபாத்தில் கைக்கு அக்காதான். மறுக்க நினைக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம். கடைசியாகக் கையெழுத்துப் போட்ட வங்கிப் படிவத்தில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு மறுக்கட்டும்.

கைக்கு என்பது அவர் பெயர் அல்ல. 'எதுக்கு' என்பதை இந்த ஊர்த் தெரு உருதுவில் 'கைக்கு' என்பார்கள். அக்கா பிறந்து வளர்ந்தது அல்வாலில். வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழில் பத்து வார்த்தைக்கு ஒரு 'கைக்கு'வும், வேண்டாம் என்பதற்கு ஒரு 'நக்கோ'வும் வந்து விழும். 'ஹவ்' என்றால் ஆமாம். அதை அவர் சொல்லிக் கேட்டவர்கள் ஆபீஸில் யாரும் இல்லை.

எங்கள் ஆபீஸ் அமீர்பேட்டில், ஒரு கோச்சிங் சென்டருக்கு மேல்மாடி. கீழே நூறு பேர் சாஃப்ட்வேர் படிக்கிற சத்தம் தரை வழியாக ஏறி வரும். தங்கள் பொருள் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு நல்லது என்று அளந்து சொல்லும்படி கம்பெனிகள் எங்களிடம் வரும். மண்ணிலிருந்து தாது எடுப்பதில் தொடங்கி, கடைசியில் அந்தப் பொருள் குப்பையாகிற வரைக்கும் எவ்வளவு புகை, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு என்று பார்த்து அறிக்கை தருவோம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'கணக்கிட்டவர்'. அது நான். கோயமுத்தூரிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இன்னொன்று, 'நேரில் பார்த்துச் சரிபார்த்தவர்'. அது கைக்கு அக்கா. இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் அறிக்கை வாசல் தாண்டும்.

'நேரில் பார்த்து' என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு பொருள் உண்டு. மெயிலில் வந்த சான்றிதழை டீ குடித்தபடி பார்ப்பது. ஊரே அப்படித்தான் பார்க்கிறது. அக்கா மட்டும் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார். ஒரு பேப்பர் கப் கம்பெனி நட்டதாகச் சொன்ன மரங்களை எண்ணப் போனவர், மூன்று நாள் கழித்து முகம் கறுத்து, காலில் முள்ளோடு திரும்பினார்.

"மரம் இருக்கு சார். எண்ணிக்கையும் சரி. ஆனா கைக்கு எல்லாம் பிளாஸ்டிக் தொட்டியிலயே இருக்கு?"

டைரக்டர் சார் மதுரைக்காரர். பொறுமைசாலி. அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் குட்டி மின்சாரக் கார் வந்து சேர்ந்தது. எலுமிச்சை நிறம். நாலு பேர் உட்காரலாம், நாலு பேரும் நண்பர்களாக இருந்தால். தயாரித்த கம்பெனி இரண்டு வாரத்துக்கு ஒரு வண்டியை எங்களிடமே விட்டுவைத்தது. அதன் விளம்பரத்துக்கு எங்கள் அறிக்கை வேண்டும். அக்காவுக்கோ அந்த அறிக்கையில் வேறொன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக அவர் ஒப்பந்த ஊழியர். பெர்மனென்ட் ஆனால்தான் அவருடைய அம்மாவை ஆபீஸ் இன்ஷூரன்ஸில் சேர்க்க முடியும். அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் அதற்காகவே தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. டைரக்டர் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்த அறிக்கை ஒழுங்கா வெளிய போகட்டும்மா. மறுநாளே உங்க ஆர்டர் டைப் ஆகும்."

நான் மின்சாரக் கார் பக்தன். இப்போதும்தான். எனவே முதல் நாளே ஆபீஸின் பெட்ரோல் கட்சியோடு எனக்குச் சண்டை. அக்கவுன்ட்ஸ் பிரிவு அண்ணன் ஒருவர், "கரன்ட்டே நிலக்கரியிலதானப்பா வருது, அப்புறம் என்ன பச்சை?" என்று சிரித்தார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா டிபன் பாக்ஸை மூடினார்.

"நிலக்கரியில வருதுன்னு நானே எழுதியிருக்கேன். நீங்க கைக்கு உங்க பைக் பெட்ரோலைப் பூந்தோட்டத்துல பறிச்ச மாதிரி பேசறீங்க? கிணறு தோண்டி எடுத்து, கப்பல்ல ஏத்தி, காய்ச்சி, லாரியில கொண்டாந்து, அப்புறம் என் மூக்குல விடறீங்க. அதெல்லாம் சேத்துப் பாத்தா இந்தக் குட்டிக் கார் தேவலாம். பேட்டரி சின்னது, வண்டி லேசு. பத்து வருஷம் ஓட்டினா செஞ்சப்ப விட்ட புகைக்கு நியாயம் பண்ணிடும்."

நான் கை தட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ சிரிக்காத கோயமுத்தூர். பேட்டரிக்கு மண்ணைத் தோண்டின இடத்துல தண்ணி என்ன ஆச்சுன்னு உன் ஷீட்ல ஒரு வரி இல்ல."

எந்தக் கட்சியிலும் சேராமல் எல்லாக் கட்சியிடமும் அடி வாங்குவது எப்படி என்று அக்காவைப் பார்த்தால் தெரியும். அடுத்து அவர் பார்வை காரின் எடையில் விழுந்தது. எடை கூடினால் கிலோமீட்டருக்குச் செலவாகும் கரன்ட்டும் கூடும். கம்பெனி கொடுத்த தாளில் இருந்த எடையை அவர் நம்பத் தயாராக இல்லை. காரை நிறுத்துப் பார்க்கிற தராசு எங்கே கிடைக்கும்? போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில், லாரிகளுக்கான எடை மேடை இருக்கிறது.

முன்னால் வெங்காய லாரி, பின்னால் முட்டைக்கோஸ் லாரி, நடுவில் எலுமிச்சை நிறத்தில் நாங்கள். எடை மேடைக்காரர் தெலுங்கில் கேட்டார், வண்டியில் என்ன சரக்கு என்று. "சரக்கு இல்ல அண்ணா, வண்டியேதான்" என்று கீழே இறங்கி நின்ற அக்காவும் தெலுங்கிலேயே சொன்னார். அவர் கூண்டை விட்டு இறங்கி வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அனுதாபத்தோடு பட்டனை அழுத்தினார். பின்னாலிருந்த லாரி அடித்த ஹாரனில் என் பல் ஆடியது.

தாளில் இருந்ததைவிட எழுபத்தெட்டு கிலோ அதிகம்!

அக்கா அங்கேயே, முட்டைக்கோஸ் இலைகளின் மேல் நின்றபடி, கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு மெயில் தட்டினார். திரும்பும் வழியில், பாலம் ஏறும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அக்கா, எடை போடறப்போ நான் எங்கீங்க இருந்தேன்?"

"ஸ்டியரிங்ல."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எவ்ளோ எடை?"

"எழுபத்தொண்ணுங்க."

"மீதி ஏழு?"

பின் சீட்டைப் பார்த்தோம். எடை போடுவதற்கு முன்பே அக்கா வீட்டுக்கு வாங்கி வைத்த நாலு கிலோ கத்தரிக்காய், மூன்று கிலோ தக்காளி. ஒரு திருகாணியின் எடையைக்கூட விடாமல் எழுதுகிற நாங்கள், எங்களையே எழுத மறந்திருந்தோம்.

வேறு யாராக இருந்தாலும் அந்த மெயிலை அப்படியே விட்டிருப்பார்கள். அக்கா வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இரண்டாவது மெயில் அனுப்பினார்: 'வாகனத்தின் எடை சரி. கூடுதல் எடைக்குக் காரணம் எங்கள் ஊழியர் ஒருவர், கத்தரிக்காய், தக்காளி. தவறு என்னுடையது.'

டைரக்டர் சார் தலையில் கை வைத்தார். "ரெண்டாவது மெயில் எதுக்கும்மா? முதல் மெயிலைப் பாத்து அவங்க நல்லா பயந்துபோய் இருந்தாங்க."

"தப்பு என்னுது சார். கைக்கு அவங்க பயப்படணும்?"

மிச்சம் இருந்தது பேட்டரி. காரின் ஆயுள் முடிந்ததும் பழைய பேட்டரி ஊருக்கு வெளியே ஒரு பிரிப்பு ஆலைக்குப் போகும், உலோகமெல்லாம் மறுபடி பயன்படும் என்று ஒரு சான்றிதழ் இருந்தது. முகவரியும் இருந்தது. ஒரு நாள் காலையில் அதே காரில் கிளம்பினோம். முகவரி போய் நின்ற இடத்தில் சாமந்திப் பூ வளைவு, பேண்டு வாத்தியம், ஷெர்வானி போட்ட மாமாக்கள். கல்யாண மண்டபம்!

எனக்குத் திரும்பிவிடத் தோன்றியது. அக்கா நேராக உள்ளே போய், "பேட்டரியெல்லாம் எங்க வச்சுப் பிரிக்கிறீங்க?" என்று கேட்டார். ஜெனரேட்டர் பார்க்க வந்தவர்கள் என்று பெண் வீட்டார் நினைத்தார்கள். பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து எங்களைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் பிரியாணியும் டபுள் கா மீட்டா என்கிற ரொட்டி இனிப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா மண்டப மேனேஜரைப் பிடித்து, இங்கே என்றைக்கும் கல்யாணம் தவிர வேறெதுவும் நடந்ததில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கம்பெனி மேனேஜர் ஆபீஸுக்கு வந்தார். மிக மரியாதையானவர்.

"அது பழைய அட்ரஸ் மேடம். புதுசு அனுப்பிடறோம். நீங்க இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுடுங்க. அடுத்த வாரம் விளம்பரம்."

"புதுசைக் குடுங்க. கார் கீழதான் நிக்குது, இப்பவே போய்ப் பாத்துடறேன்."

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். "அது... இன்னும் யாரோடயும் ஒப்பந்தம் ஆகலை."

"அப்ப அப்படியே எழுதிடலாமே சார். நல்ல கார். எடை சரி, கரன்ட் கம்மி, டயர் தேய்மானம் கம்மி. ஒன்பது பக்கம் நல்லதாதான் எழுதியிருக்கேன். பத்தாவது பக்கத்துல, பேட்டரி எங்க போகும்னு தெரியலைன்னு ஒரே ஒரு வரி."

"அந்த ஒரு வரிதான் வேணாம்னு சொல்றோம் மேடம்."

"அப்ப என் கையெழுத்தும் நக்கோ."

டைரக்டர் சார் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவோட முழங்காலை நினைச்சுப் பாரும்மா."

அக்கா அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கீழே கோச்சிங் வகுப்பில் யாரோ ஏதோ கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

"அதைத்தான் நினைச்சேன் சார். நாளைக்கு டாக்டர் எக்ஸ்ரேயைப் பாக்காமலே பாத்துட்டேன்னு எழுதினா, எங்க அம்மா காலை நான் எப்படிக் குடுப்பேன்?"

பேனாவை எடுத்தார். இரண்டாம் கட்டத்தில், 'பேட்டரி போகுமிடம்: பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டைரக்டர் சார் அந்தத் தாளை உருவிவிட்டு, புதிதாக ஒரு கடைசிப் பக்கத்தை அச்செடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீயும்தானே போன? ரெண்டு கட்டத்துலயும் நீயே போடு. இன்னையிலேர்ந்து நீதான் ஃபீல்டு ஆபீசர்."

வீரமாக மறுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். அப்போதுதான் கட்டத்துக்கு மேலே இருந்ததைப் படித்தேன். 'நேரில் பார்த்து.'

"நான் பாத்தது கல்யாணத்தைத்தானுங்க சார். வேணும்னா பிரியாணி நல்லா இருந்துச்சுன்னு எழுதட்டுங்களா?"

அறிக்கை வெளியே போகவில்லை. வேறொரு ஆபீஸ் இரண்டே நாளில் ஒன்று தந்தது. அவர்கள் எத்தனை டீ குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விளம்பரம் வந்தது, கார் விற்றது. அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அந்த வருடமே நானும் வெளியே வந்துவிட்டேன். இன்றும் அந்தப் பழைய ஆட்களைச் சந்தித்தால், "பாவம், ஒரு வரிக்காக வாழ்க்கையைக் கெடுத்துக்கிட்டா" என்பார்கள். கெடுத்துக்கொண்டது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில் பல மாதம் காத்திருந்து நடந்தது. நன்றாகவே நடந்தது.

போன மாதம் அல்வாலுக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் அதே குட்டிக் கார். செகண்ட் ஹேண்ட்.

"அக்கா! நீங்களா? இதையா?"

"கைக்கு கூடாது? நல்ல கார்னு ஒன்பது பக்கம் எழுதினது நான்தானே?"

"பேட்டரி?"

"அதுக்குத்தான் வாங்கினேன். கடையில விட்டா அது எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. என் வாசல்ல நின்னா, எனக்குத் தெரியாம அது எங்க போயிடும்?"

காய்கறி வாங்க நேரமாகிவிட்டது என்று முன் சீட்டிலிருந்து அம்மா கையை நீட்டி ஹாரன் அடித்தார். அக்கா ஓடிப்போய் ஏறிக்கொண்டார். கார் சத்தமே இல்லாமல் தெருமுனை திரும்பியது.

இந்த நாட்டில் ஓடுகிற அத்தனை மின்சாரக் கார்களின் பேட்டரியைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. அல்வாலில் நிற்கிற அந்த ஒன்றைப் பற்றி மட்டும் கிடையாது.