சார்ஜ் குறையாத பேராசிரியர்

நம் ஊரில் ஓர் இனம் உண்டு. பொழுது சாய்ந்த பிறகும் இவர்கள் போனில் சார்ஜ் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியிருக்காது. எப்படி என்கிறீர்களா? ஆட்டோவை வரச் சொல்ல உங்கள் போன், வழி பார்க்க உங்கள் போன், "வர லேட்டாகும்" என்று தம் மனைவிக்குச் சொல்லவும் உங்கள் போன். தம்முடையது? அது சட்டைப் பையில் நிம்மதியாகத் தூங்கும்.

இவர்களில் முதல் தரம், வில்லாபுரத்தில் குடியிருக்கும் வெங்கடசுப்பிரமணியன். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். டாக்டர் பட்டமே பேட்டரிச் சிக்கனத்தில் வாங்கியவர். கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் சின்னக் கருவிகள் தூரத்துக்குக் கத்தினால் பேட்டரி சீக்கிரம் தீரும். பக்கத்துக் கருவியிடம் மெல்லச் சொல்லி, அது அடுத்ததிடம் சொன்னால் மிச்சமாகும். இதை முந்நூறு பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

அந்தப் படிப்பை வைத்து எழுமலையில் ஐந்து விவசாயிகளின் தோட்டங்களில் பன்னிரண்டு பெட்டிகளை நட்டார். மண் காய்ந்தால் பெட்டி சொல்லும். சொல் கைமாறிக் கைமாறிப் பம்புசெட்டுக்குப் போகும். மோட்டார் தானாக ஓடும். "ஏதாச்சும்னா சரண்யா மேடத்துக்குக் கூப்பிடுங்க" என்று உடன் வேலை பார்க்கும் சரண்யாதேவியின் நம்பரை எல்லோருக்கும் கொடுத்தார். தம் நம்பரைக் கொடுப்பாரா? அவர் என்ன விவரம் இல்லாதவரா?

பம்புசெட்டை ஒட்டியிருந்தது மலையம்மாளின் தக்காளித் தோட்டம். பெட்டியை நம்பி, மகளின் பிரசவத்துக்காக மூன்று நாள் அவனியாபுரம் போய்விட்டு வந்தாள். வந்து பார்த்தால் செடி தலை தொங்கிக் கிடக்கிறது. பூவெல்லாம் உதிர்ந்து கால் வைக்கும் இடமெல்லாம் மஞ்சள். பதினொரு பெட்டிகளின் சேதியையும் சுமந்து சுமந்து அவள் பெட்டி செத்திருந்தது. அது செத்ததும் மற்றவை பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

மோட்டாரைக் கையால் போட்டுவிட்டுச் சரண்யாவைக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மற்ற நான்கு பேரும் காலையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த போனும் மதியத்துக்குள் உயிரை விட்டிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையம்மாள் கல்லூரிக்கே வந்துவிட்டாள்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மலையம்மாளும் அவளை அழைத்துவந்த சரண்யாதேவியும் வாசலில் நிற்பதைப் பார்த்துப் பேராசிரியர் வெளியே வந்தார்.

"பெட்டி செத்து மூணு நாளாச்சு சார். பூவு அம்புட்டும் போச்சு."

"அடடா! சரண்யா மேடம், கம்பெனிக்கு ஒரு போன் போட்டுப் புது பேட்டரிக்குச் சொல்லுங்க."

"எம் போன்ல நாலு சதவீதம்தான் சார் இருக்கு."

"அப்ப ஆபீஸ்ல யார்கிட்டயாவது வாங்கிக்கங்க."

மலையம்மாள் அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். "அதுல எம்புட்டு சார் இருக்கு?"

அவர் எடுத்துப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத நல்ல மனிதர். "தொண்ணூத்தாறு."

"அதை வச்சு என்ன சார் பண்ணப் போறீக, ஊறுகா போடவா?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. சரண்யாதேவி சிரிக்கவில்லை. கரும்பலகைக்குப் போய், பேராசிரியரின் நம்பரைப் பெரிதாக எழுதினாள். "இதை எழுமலைல எல்லாத்துக்கும் குடுத்துருங்கம்மா. பெட்டிகளும் இனிமே முறை வச்சுத்தான் சுமக்கும். சார் இன்னைக்கே மாத்திருவாரு."

பேராசிரியர் அன்று சாயங்காலமே எழுமலைக்குப் போய் மாற்றியும் கொடுத்தார். உதிர்ந்த பூ உதிர்ந்ததுதான். அடுத்த பூப்புக்குத் தண்ணீர் தவறவில்லை. இப்போதெல்லாம் காலை பத்து மணிக்கே ஸ்டாஃப் ரூமில் சுவரோரமாக, சார்ஜர் வயரின் நீளத்துக்குக் குனிந்தபடி, "ஆமாண்ணே, சொல்லுங்கண்ணே" என்று ஒருவர் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

நீங்கள் அப்படியில்லை. தெரியும். ஆனால் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு, "சொந்தக்காரங்க எல்லாருக்கும் நீயே சொல்லிரும்மா" என்று தங்கையிடம் விட்டீர்களே, அவளை ஒருமுறை கூப்பிட்டு நலம் விசாரியுங்கள். பதில் சரியாகக் காதில் விழாது. தொண்டை கட்டியிருக்கும்.