கதிரையோடு போன கம்பனி

எனக்குக் கனக்கக் கதைக்க வராது. ஆட்டோவில் ஏறுகிற ஆளிடம் "எங்க?" என்று கேட்பேன். இறங்கும்போது காசைச் சொல்லுவேன். அவ்வளவுதான். வாழ்க்கையில் ஒருக்காத்தான் நீட்டிக் கதைத்தேன். அதுவும் செத்தவீட்டில்.

நானும் மச்சானும் (மனுசியின் தம்பி, கட்டாரில் இருந்து வந்தவன்) காணிக் கம்பனி தொடங்கினோம். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு காணி. வாங்கி, அறை கட்டி, வாடகைக்கு விடுவது. லாபம் பங்குகாரருக்கு. என் ஆட்டோவை விற்று அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மாசக் கடைசிக்குள் மிச்சம் கட்டாவிட்டால் அதுவும் போச்சு. எனக்கு நித்திரை இல்லை. பயத்தில் இல்லை, சந்தோசப் புளுகத்தில். ராத்திரி முழுக்கக் கனவில் மாடி கட்டினேன். (நித்திரை இல்லாமல் எப்படிக் கனவு என்று மனுசி கேட்டாள்.)

பங்கு சேர்க்கப் பாலையூற்றில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார் வருகிறார் என்றான் மச்சான். அவர் காசு போட்டால் மற்ற ஆட்களும் போடுவார்கள். வாற ஆட்கள் இருக்கக் கதிரைதான் இல்லை. வாடகைக்கு எடுக்கக் காசும் இல்லை.

எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தின் கதிரைக் கொட்டிலைப் பூட்டுகிற திறப்பு என்னிடம் இருந்தது. தலைவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு எடுத்தேன். வெள்ளைக் கதிரைகள். முதுகில் சிவப்பு எழுத்தில் சங்கத்தின் பேர். கலியாண உறை வாங்கிப் போட்டு மூடினோம். பார்க்க ஹோட்டல் மாதிரி. என் நெஞ்சு பட்டம் மாதிரி ஏறியது.

ஹாஜியார் முன்வரிசையில் இருந்தார். மச்சான் காணிப் படத்தை விரித்தான். ஹாஜியார் பையிலிருந்து பேனையை எடுத்தார். அந்த நேரம் வாசலில் லொறி வந்து நின்றது. சங்கத் தலைவர் இறங்கினார்.

"தம்பி, செல்லையா போயிட்டார். கதிரை வேணும்."

சாவு என்றால் கதிரை உடனே போகவேணும். கலியாண வீடென்றாலும் ஆளை எழுப்பித்தான் எடுக்கிறது. அந்தச் சட்டத்தைச் சங்கத்தில் கொண்டுவந்ததே நான்தான்.

"எழும்புங்கோ," என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

உறைகளைக் கழற்றினோம். ஹாஜியார் தான் இருந்த கதிரையின் முதுகை நின்று வாசித்தார். பேனையைத் திரும்பப் பையில் வைத்தார்.

"செல்லையா எனக்கும் பழக்கம். நானும் வாறன்."

செத்தவீட்டில் கதிரைகளைப் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அதே கதிரை, அதே ஹாஜியார். மூளை இன்னும் மண்டபத்தில்தான் நின்றது. குனிந்து தொடங்கினேன். அறை, வாடகை, லாபம். அழுகைச் சத்தத்தில் அவருக்குக் கேட்காதே என்று குரலை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து அழுகை நின்றது.

"காலை ஆட்டிக்கொண்டு சாப்பிடலாம் ஹாஜியார்!"

செல்லையாவின் மனுசி திரும்பி என்னைப் பார்த்தா. வீடே பார்த்தது. மச்சான் மெல்ல எழும்பிப் போய்த் தேத்தண்ணி கொடுக்கிற ஆட்களோடு சேர்ந்துகொண்டான்.

ஹாஜியார் என் தொடையில் தட்டினார். "முதல்ல செல்லையாட மையத்தை அடக்குங்க தம்பி. காணி எங்கயும் போகாது."

போனது. மாசக் கடைசியில் வேறு ஆள் வாங்கினார். இப்போது அங்கே நாலு மாடி. என் வாடகை ஆட்டோவில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இறங்குகிறார்கள். "எங்க?" என்றுகூடக் கேட்கத் தேவையில்லை.

இன்றைக்கும் வீட்டில் நான் "எனக்கொரு யோசனை" என்று வாயைத் திறந்தால், மனுசி குசினிக்குள் இருந்தே கேட்பாள்:

"ஆர் செத்தது?"