பக்கத்து சீட் கழற்றப்பட்டது தொடர்பாக

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அனைவரும் என்றால் இந்த வீட்டில் இரண்டு பேர். அதில் ஒருவர் அளவுக்கு மீறி நலமாக இருக்கிறார், காலையில் சீட்டியடிக்கிறார். அதுதான் எனக்குச் சந்தேகம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணனின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் காரணமில்லாமல் சந்தேகப்படுகிறவள் என்று போன தடவை வந்தபோது சொன்னீர்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, மறக்கவும் இல்லை. அண்ணி, நான் இருபத்துமூன்று வருடமாகத் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். துணி என்று எழுதிவிட்டுக் கண்ணாடிச் சாமானை நீட்டுகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கையில் வாங்கினாலே எடை தெரிந்துவிடும், முகத்தைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். உங்கள் தம்பியின் முகம் இப்போது துணி என்று எழுதிய பார்சல் மாதிரிதான் இருக்கிறது.

அவருடைய சிவப்புக் கார் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு கதவு, இரண்டே சீட், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். நீங்கள் ஒருமுறை ஏறிவிட்டு இறங்க முடியாமல் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோமே, அதேதான். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் வாரம் முழுக்க ஊர் ஜனங்களை மேலும் கீழும் அனுப்புகிற மனிதர், ஞாயிறு சாயங்காலம் மட்டும் என்னை அதில் உட்காரவைத்து நேராக ஓட்டிக்கொண்டு போவார். வீட்டில் நாங்கள் பேசுவது கொஞ்சம்தான். கேஸ் தீர்ந்துவிட்டது, சாவி எங்கே, கதவைச் சாத்து, அவ்வளவுதான். அந்தக் காரில் ஏறினால் வாயைத் திறப்பார். சின்ன வயதில் நீங்கள் அவரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியதைக்கூட அங்கேதான் சொன்னார். எனக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் போதும். அது கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன், மற்றதெல்லாம் சுற்றி வளைப்பது.

நான்கு மாதம் முன்பு, இந்தக் காரை டிராக் ரேஸ் காராக மாற்றப்போகிறேன், நம் ஷெட்டிலேயே முடித்துவிடலாம் என்றார். அது என்ன ரேஸ் என்று கேட்டால், நேர்கோட்டில் நானூறு மீட்டர், பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு கார் ஓடும், முதலில் போய்ச் சேருகிறது எதுவோ அது ஜெயித்தது, முடிந்தது கதை. நானூறு மீட்டர்தானே, நடந்தே போகலாமே என்று கேட்டேன். மறுநாள் முதல் எதிர்வீட்டு வெல்டரும் உங்கள் தம்பியும் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கார் வேகமாக ஓட வேண்டுமென்றால் எதையாவது சேர்ப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இவர்கள் கழற்றுகிறார்கள். முதலில் ரேடியோ வெளியே வந்தது, பிறகு ஏசி, பிறகு தரைவிரிப்பு, ஸ்டெப்னி, கதவின் உள்பக்க அட்டை, எல்லாம் வரிசையாக வந்து என் ஹாலில் உட்கார்ந்துகொண்டன. ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டு மெல்லிசான பிளாஸ்டிக்கை மாட்டினார்கள். சமையலறைத் தராசு காணாமல் போனது. இரண்டு நாள் மாவைக் கைக்கணக்கில் அளந்துவிட்டு ஷெட்டில் போய்ப் பார்த்தால், உங்கள் தம்பி ஒவ்வொரு போல்ட்டாக அதில் வைத்து நிறுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார், வெல்டர் பிரேக் மிதியில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல இரும்பில் எதற்கு ஓட்டை என்று கேட்டேன். பதினொரு கிராம் மிச்சம் என்று சொல்லிவிட்டு இருவரும் கோப்பை வாங்கியவர்கள் போலச் சிரித்தார்கள். பின்சக்கரம் இரண்டும் அகலமாகி, முன்சக்கரம் இரண்டும் சைக்கிள் சக்கரம் போல ஒடுங்கிவிட்டன. காருக்குள் குழாய்களை வளைத்து ஒரு கூண்டு வேறு பற்றவைத்திருக்கிறார்கள். கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்றுமாம். கவிழாத மாதிரி ஓட்டுவதுதானே என்றால் வெல்டர் மேலே பார்க்கிறார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன் அண்ணி. போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், ஹாலில் ரேடியோவுக்கும் ஏசிக்கும் நடுவில் என் சீட் நிற்கிறது. ஆறு வருடமாக நான் உட்கார்ந்த சீட். தலை சாய்த்த இடத்தில் என் எண்ணெய்க் கறைகூட அப்படியே இருக்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"இதை ஏன் கழட்டினீங்க?"

"பதினெட்டு கிலோ."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பன்னெண்டு நொடிக்குக் கீழ வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

பன்னிரண்டு நொடிக்குக் கீழே வருகிறவரைக்கும் எனக்கு இடமில்லையாம். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இன்று வரை சரியாக இறங்கவில்லை. தூக்கமும் போய், மூன்று வாரம் முன்பு டாக்டரிடம் போனேன். அவர் எடை பார்த்து, நாடி பார்த்து, ஏதோ சீட்டு எழுதி, மனதைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபிரிட்ஜ் கதவில் மாட்டிவிட்டேன்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. டிரைவர் சீட்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். முறம் அகலம்கூட இல்லை, உங்கள் தம்பியின் உடம்பில் பாதிகூட அதில் அடங்காது. தையற்காரரிடம் அளவுக்குக் கொடுப்பேனே ஒரு பழைய சட்டை, அதைக் காணவில்லை. செவ்வாய்க்கிழமை அவருடைய நோட்டை எடுத்துப் பிரித்தேன். ஆமாம், பிரித்தேன், எனக்கு வெட்கமில்லை. கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது: "நான் 91. அவள் 48. மிச்சம் 43."

அண்ணி, நான் ஐம்பத்திரண்டு கிலோ. கல்யாணமான நாளிலிருந்து ஐம்பத்திரண்டுதான், ஒரு கிராம் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அப்படியானால் அந்த நாற்பத்தெட்டு யார்? இரண்டு நாளாகக் கவுண்டருக்கு வருகிற பெண்களை எல்லாம் கண்ணாலேயே நிறுத்துக்கொண்டிருக்கிறேன். மருந்துக்கடையில் பில் போடும் பெண் நாற்பத்தெட்டு இருப்பாள், ஆனால் அவளுக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும். பல் டாக்டரின் உதவியாளருக்கு எடை சரி, கையில் ஒரு கட்டு. பொறுமையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஷெட் கதவுக்கு வெளியே நின்றேன். யாருக்கோ போனில் சொல்கிறார்: "ஞாயித்துக்கிழமை காலைல அவளைக் கூட்டிட்டு வந்துடுறேன். இன்னும் சொல்லல, சொன்னா வரமாட்டா. உக்கார வச்சுட்டாப் போதும்." என் கையில் இருந்த துணிவாளி அப்படியே கீழே விழுந்தது. அவர் வெளியே வந்து, துணியெல்லாம் ஏன் தரையில் கிடக்கிறது என்று கேட்டார். காற்று என்றேன்.

ஆகவே அண்ணி, நீங்கள் சனிக்கிழமைக்குள் வந்து உங்கள் தம்பியை நேருக்கு நேர் கேட்க வேண்டும். அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான், அலமாரி விஷயத்தை நான் மறக்கவில்லை. வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே இவர்கள் ரேஸ் ஓட்டுகிற அந்தப் பழைய விமான ஓடுதளத்துக்குப் போய் நாற்பத்தெட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது, பதினொன்றரை கிலோ.

அண்ணனுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இங்கே வந்து கத்துவதற்குத் தெம்பு வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் தம்பி மனைவியாக இருக்கும்,
நான்.

பின்குறிப்பு: இது ஞாயிறு சாயங்காலம் எழுதுவது. மேலே உள்ளதை வியாழக்கிழமையே ஒட்டிவிட்டேன், ஆனால் தினம் ஆயிரம் கடிதத்தைப் பார்க்கிற எனக்கு இந்த ஒன்றைப் பெட்டியில் போடக் கை வரவில்லை. இன்று காலை உங்கள் தம்பி, கிளம்பு, ஒரு இடத்துக்குப் போகணும் என்றார். காரில்தான் இடமில்லையே, வெல்டரின் லாரியில் மூவரும் உட்கார்ந்து, காரைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். ஓடுதளத்தில் இறங்கியதும் நாற்பத்தெட்டைத் தேடினேன். அங்கே இருந்தவர்கள் எல்லாருக்கும் தொப்பை. முதலில் உங்கள் தம்பி அந்தச் சின்ன சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். 12.7 வந்தது. இறங்கி வந்து என் கையில் ஹெல்மெட்டைக் கொடுத்தார். அது எனக்குக் கச்சிதமாக இருந்தது. சீட்டும் கச்சிதம், பெல்ட்டும் கச்சிதம். என் பழைய சட்டையை வைத்துத்தான் அளவு கொடுத்தாராம். காரை என்னோடு சேர்த்து நிறுத்தார்கள், என் பங்கு நாற்பத்தெட்டு. டாக்டர் சீட்டிலும் அதுதான் எழுதியிருந்ததாம், ஃபிரிட்ஜைத் திறக்கும்போது பார்த்தாராம். ஊரார் பார்சலையெல்லாம் நிறுக்கிறவள் என்னை நிறுத்துப் பார்க்கவில்லை. நாலு கிலோ உங்கள் தம்பியைச் சந்தேகப்பட்டே கரைந்திருக்கிறது.

"எடைக்காக மட்டும் இல்ல," என்றார். "நீ ஒரு நாளைக்கு ஆயிரம் முத்திரை குத்துறவ. பச்சை எரிஞ்சதும் உன் கை மாதிரி எனக்கு வராது."

வந்தது அண்ணி. பக்கத்துக் கார் கிளம்புவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். 12.4. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவரிடம் சொல்லத்தான் பக்கத்தில் திரும்பினேன், அங்கே வெறும் தகரம். கொஞ்சம் அழுதேன், ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தால் உங்கள் தம்பி கிளம்புகிற கோட்டருகே தனியாக நின்றுகொண்டிருக்கிறார். இந்த நான்கு மாதத்தில் முதல்முறையாக, லாரியில் வீடு திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

ஆகவே நீங்கள் வந்து கத்த வேண்டாம். பெட்டியைப் பிரித்துவிட்டேன். வருவதானால் அடுத்த ஞாயிறு வாருங்கள், நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். சாப்பிடும்போது உங்கள் தம்பி, பக்கத்து சீட்டைத் திரும்ப மாட்டினால் நானும் கூட வரலாமே என்று மெதுவாகக் கேட்டார். பன்னிரண்டு நொடிக்குக் கீழே வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.