முப்பத்தோராம் பக்கத்துத் தவறு

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் மூத்த அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்காலும் சித்தியின் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அதற்குக் காரணம் நீங்கள்தான் என்பதால் நலம் விசாரிப்பை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

‘யாரும் அறியாத பழந்தலங்கள் நாற்பது’ இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, பிழை கண்டவர்கள் எழுதலாம் என்று உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியனுப்பினீர்கள். கண்டேன். எழுதுகிறேன்.

நான் பக்திக்காகப் போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். பத்தொன்பது வருடமாகக் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். பத்து மணி முதல் ஐந்து மணி வரை தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஊரே என்னைக் கேட்கிறது. ஐந்துக்கு மேல் வீட்டில் ஆரம்பிக்கும். கத்தரிக்கோல் எங்கே, சார்ஜர் எங்கே, என் நீலச் சட்டை எங்கே. சட்டையை வீட்டுக்காரர் போட்டுக்கொண்டுதான் கேட்பார். இந்த நாற்பத்தாறு வயதில் எனக்கு வேண்டியதெல்லாம் யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம். ‘இத்தலங்களில் தனியே ஒரு மணி நேரம் அமர்ந்தால் மனம் தானே பேசத் தொடங்கும்’ என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன்.

தனியே என்று எழுதினீர்கள், தனியே எப்படிப் புறப்படுவது என்று எழுதினீர்களா? “தனியா எப்படிப் போவே, நான் வண்டி ஓட்டுறேன்” என்றார் வீட்டுக்காரர். அவர் வருவது தெரிந்ததும் அவருடைய அக்கா, அதாவது அண்ணி, “நானும் சும்மாதானே இருக்கேன்” என்று பின்னால் ஏறிக்கொண்டு, வழியெல்லாம் உங்கள் புத்தகத்தை உரக்கப் படித்தார்.

பக்கம் ஒன்பது. சிவன் கோயில், ‘கதவு எந்நேரமும் திறந்திருக்கும்.’ போய்ப் பார்த்தால் தேங்காய் அளவுக்குப் பூட்டு. கதவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு போன் நம்பர். அடித்தேன். “சாவி என்கிட்டதாங்க இருக்கு, நான்தான் அங்க இல்ல” என்றது ஒரு குரல். தையல்காரர். கடைக்குப் போனால் அவர் அளவெடுக்கப் போயிருந்தார், அளவெடுக்கும் வீட்டுக்குப் போனால் கடைக்குத் திரும்பியிருந்தார், இப்படி மூன்று மணி நேரம். ஒருவழியாக வந்து திறந்துவிட்டார். திறந்தவர் போனாரா? நான் கண்ணை மூடி உட்கார, பக்கத்திலேயே குந்திக்கொண்டு, “அம்மா எங்க வேலை பாக்குறீங்க?” என்றார். வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லித் தொலைத்தேன். “அட, தண்ணி ஆபீஸா? எங்க தெருவுல நாலு நாளா வரலீங்க.” அது என் எல்லையே இல்லை, சித்தப்பா. இருந்தும் ஆயிரம் வருடத்துச் சன்னிதியில் உட்கார்ந்து உங்கள் புத்தகத்தின் பின்னட்டையில் அவர் புகாரை எழுதிக்கொண்டேன். குழாய் எண்கூடக் கேட்டேன். கை பழகிவிட்டது.

பக்கம் பதினேழு. வயலுக்கு நடுவில் ‘தவக்கோலச் சிவனடியார்’ என்று போட்டிருக்கிறீர்கள். தலைக்கு மேல் மூன்று குடை அடுக்கியிருக்கிறது, உடம்பில் துணி இல்லை. அது சமணத் தீர்த்தங்கரர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி தன் பையனுக்குப் பெண் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டுவிட்டார்.

“அண்ணி, அவர் வீடு வாசல் எல்லாத்தையும் விட்டவரு. அவர்கிட்ட போய்க் கல்யாணம் கேக்குறீங்களே.”

“விட்டவருக்குத்தாம்மா குடுக்க மனசு வரும். வச்சிருக்கிறவன் எங்க குடுக்கிறான்?”

“சரி, சிவனடியார்னு நினைச்சுத்தானே கேட்டீங்க?”

“உங்க சித்தப்பா அச்சடிச்சே போட்டிருக்காரு, நீ என்ன பெரிசா கண்டுட்டே?”

வீட்டுக்காரர் வண்டிக்குள் திரும்பி உட்கார்ந்து சிரித்தார். நான் படித்த வரலாறு, வாங்கிய பட்டம், எல்லாம் உங்கள் ஒரு வரி அச்சுக்கு முன் செல்லாமல் போயின.

முப்பத்தோராம் பக்கத்துக்குத்தான் உங்களை மன்னிக்கவே முடியாது. குன்றின் மேல் குகை, உள்ளே முனிவர்கள் படுத்த ஏழு கல் படுக்கைகள், ‘பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் செல்க.’ ஏற முடியாது என்று அவர்கள் இருவரும் கீழேயே இருந்துவிட்டார்கள். கடைசியில் தனியானேன் என்று சந்தோஷமாக இடப்பக்கம் போனேன். முள். செருப்பு வார் அறுந்தது. மேலே குகையும் இல்லை, படுக்கையும் இல்லை, மொட்டைப் பாறை. இரண்டு மணி நேரம் வழி தேடி அலைந்து இறங்கினேன். கீழே டீக்கடைக்காரர் என் கையைப் பார்த்தார். “புத்தகமா? குகை வலப்பக்கம்ங்க. புத்தகத்தோட வர்றவங்க முள்ளப் பாத்துட்டுப் பாதியிலயே திரும்பிருவாங்க, நீங்கதான் உச்சி வரைக்கும் போயிட்டீங்க.” அதற்குள் விடுப்பும் முடிந்தது. எனக்கு இருந்த ஒரே ஆசையை இடம் வலம் தெரியாமல் எழுதிக் கெடுத்தீர்கள். மூன்று பக்கத்தையும் திருத்தாமல் இரண்டாம் பதிப்பு வந்தால் அட்டையில் உள்ள உங்கள் படத்துக்குக் கீழே நானே திருத்தம் எழுதி எல்லோருக்கும் கொடுப்பேன்.

சித்திக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் முழங்காலைக் கடவுள் காப்பாற்றட்டும், அடுத்த புத்தகத்துக்கு நீங்களே நேரில் போய்ப் பார்க்க அது வேண்டும்.

இப்படிக்கு,
மிகுந்த வருத்தத்துடன்,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: கையெழுத்து வரை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். இதை மட்டும் காட்ட வேண்டாம், சித்திக்கும்தான், சித்தி அண்ணியிடம் சொல்லிவிடுவார். நான் அலையவில்லை. இருபது நிமிடத்தில் உச்சிக்குப் போய்விட்டேன். மீதி நேரம் முழுக்க அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். போனில் சிக்னல் இல்லை. முதலில் யாரோ கூப்பிடுவார்கள் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் விட்டுவிட்டது. நீங்கள் எழுதியபடி மனம் ஒன்றும் பேசவில்லை, சித்தப்பா. அதற்கும் பேசிப் பேசி அலுத்திருக்கும்போல, என்னோடு சும்மா உட்கார்ந்திருந்தது. ஒன்பதையும் பதினேழையும் எப்படி வேண்டுமானாலும் விடுங்கள். முப்பத்தொன்றில் மட்டும் ‘வலப்பக்கம்’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதம் ஏழு படுக்கையையும் பார்த்துவிட்டு வருவதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன்.